வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு வெல்டிங்காரரின் திறந்த மடல்: அந்த உலோகப் பெட்டியைத் திரும்ப வையுங்கள்

எங்கள் வலயத்தின் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், விஞ்ஞான பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

நான் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம், வெல்டிங் கடை வைத்திருப்பவன். 22 வருசமாக இதுதான் தொழில். என் மகள் தரம் 10 படிக்கிறாள். சென்ற தவணை உங்கள் மேற்பார்வைக் குழு அவளுடைய பாடசாலைக்கு வந்து போன பிறகு மூன்று விசயம் நடந்தது. விஞ்ஞான அறையில் இருந்த, உலோகத் துண்டுகள் போட்ட பெட்டி வெளியே போனது, வெள்ளிக்கிழமை நடந்துவந்த செய்முறைப் பாடவேளை கடந்தகால வினாத்தாள் செய்யும் பாடவேளையாக மாறியது, அந்தப் பாடவேளைக்கு உதவ வந்துகொண்டிருந்த நான் இனி வகுப்புக்கு வரக்கூடாது என்றும் சொல்லப்பட்டது. விஞ்ஞான சேர் அரச ஊழியர், அவரால் வாய் திறக்க ஏலாது. அதிபரின் நிலையும் அதுதான். எனக்கு அந்தத் தடை இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்தவர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

போன வருசம் ஒரு பின்னேரம் என் மகள் கடைக்குள் நடந்து நடந்து பாடமாக்கிக்கொண்டிருந்தாள். “நிக்கல் வெண்ணிறமான உலோகம். மின்முலாமிடுவதற்கும் கலப்புலோகங்கள் செய்வதற்கும் பயன்படும்.” இதையே பத்துத் தரம் சொல்லியிருப்பாள். நான் அப்போது ஒரு லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் வெடித்த கியர்பொக்ஸ் மூடியை ஒட்டிக்கொண்டிருந்தேன். அது வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் ரொட்டால் ஒட்டினால் ஒட்டின இடம் கல்லுப் போல இறுகிவிடும், ஆறும்போது பக்கத்திலேயே ‘டிங்’ என்று சத்தம் வரும், பார்த்தால் புதிதாக ஒரு வெடிப்பு. அதற்கென்று நிக்கல் ரொட் இருக்கிறது. அதன் ஒரு குச்சி விலைக்குச் சாதாரண ரொட் கை நிறைய வாங்கலாம், அதனால் கஞ்சத்தனமாகத்தான் பாவிப்போம். ஒரு அங்குலம் ஓட்டி, சூடு இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி ஒரு அங்குலம், கடைசியில் முழு மூடியையும் சாம்பலுக்குள் புதைத்து விடுவோம். நிக்கல் மிருதுவாகவே நிற்கும், அரம் போட்டால் தேயும், துளையும் போடலாம்.

மகள் திடீரென்று நின்று கேட்டாள், “அப்பா, இந்த நிக்கல் எங்க இருக்கும்? வெளிநாட்டிலயா?”

நான் கையிலிருந்த குச்சியைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. மறுகா ஒட்டின இடத்தை அரத்தால் தேய்த்து அந்தப் பளபளப்பைக் காட்டின பிறகுதான் கிட்ட வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்த மாதச் சோதனையில் விஞ்ஞானத்துக்கு 86 புள்ளி எடுத்த பிள்ளை அவள். நிக்கலைப் பற்றி எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருந்தாள். ஆனால் அவள் தினமும் சாப்பிடும் சில்வர் (கறையில் உருக்கு) தட்டில், கரண்டியில், அவளுடைய சைக்கிள் கைபிடியின் பளபளப்பில், அவள் காசு சேர்க்கும் முட்டிக்குள் நிக்கல் இருக்கிறது என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நானே சொன்னதில்லை, அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இதைச் சேரிடம் சொன்னேன். அவர்தான் அதிபரிடம் பேசி, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை என்னை வரச்சொன்னார். பெட்டி என்பது ஒரு பழைய பிஸ்கட் தகரம். அதற்குள் நான் போட்டவை: பழுதடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றின காந்தம், எரிந்துபோன ஹொட்பிளேட் கொயில், உடைந்த தண்ணீர்க் குழாய்த் தலை ஒன்று, இரண்டு மூன்று வகைக் கறையில் உருக்குத் துண்டுகள், நிக்கல் ரொட் குச்சி, பித்தளை, செம்பு, ஒரு வார்ப்பிரும்புத் துண்டு. பிள்ளைகள் கொண்டுவந்தவை அதைவிட நல்லவை. ஒவ்வொன்றுக்கும் அவர்களே பெயர் எழுதிச் சின்னப் பொலித்தீன் பையில் கட்டினார்கள்.

நாணயக் குத்திகளில் தொடங்கினோம். ஒரு பிள்ளை அம்மம்மாவின் பையிலிருந்து பழைய இரண்டு ரூபாய்க் குத்திகள் கொண்டுவந்தாள். ஒன்று 1984, மற்றது 2005. பார்க்க இரண்டும் ஒரே வெள்ளை. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் 2005 குத்தி ஓடிவந்து ஒட்டிக்கொண்டது, 1984 அசையவே இல்லை. பழையது செம்பும் நிக்கலும் கலந்தது, நூற்றுக்கு 75 செம்பு, 25 நிக்கல். புதியது உருக்கு, மேலே நிக்கல் பூச்சு. “முக்கால்வாசி செம்பு என்றால் ஏன் சிவப்பாக இல்லை?” என்று கேட்டார்கள். கால்வாசி நிக்கல் போதும், செம்பின் நிறத்தை முழுக்க வெள்ளையாக்கிவிடும். மேலே பூசின வெள்ளை இல்லை, உள்ளுக்குள்ளும் வெள்ளைதான். கலப்புலோகம் வேறு, பூச்சு வேறு என்பதை நான் ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த இரண்டு குத்திகளும் ஒரு காந்தமும்தான் சொல்லிக்கொடுத்தன. அப்புறம் குழாய்த் தலையை அரத்தால் தேய்த்தோம். மேலே நீலம் பாய்ந்த வெள்ளை குரோமியம், அது தேய்ந்துபோன மூலையில் கொஞ்சம் மஞ்சள் ஓடின வெள்ளை நிக்கல், அதற்கும் கீழே பித்தளை. ஒரு உடைந்த குழாயில் மூன்று பாடம் இருந்தது.

அடுத்த கிழமை காந்தத்தோடு வீட்டுப் பாத்திரங்கள். இரும்பைக் காந்தம் இழுக்கும், நிக்கலையும் இழுக்கும், ஆனால் இரும்போடு குரோமியம் 18 வீதமும் நிக்கல் 8 வீதமும் சேர்ந்த நல்ல சில்வர் கரண்டியை இழுக்காது. ஏன்? வகுப்பு முழுக்க ஒரு பாடவேளை அடிபட்டது. நிக்கல் போதிய அளவு சேர்ந்தால் இரும்பு அணுக்கள் அடுக்கப்படும் முறையே மாறிவிடுகிறது, அந்த அடுக்கில் காந்தத்துக்கு வேலை இல்லை. நிக்கல் இல்லாத மலிவுக் கரண்டியைக் காந்தம் பிடிக்கும். சரி, முடிந்தது என்று நினைத்தேன். பின்வாங்கில் இருக்கும் ஒரு பையன், வேறு எந்தப் பாடத்துக்கும் கை தூக்காதவன், கையைத் தூக்கி, “மாமா, நடுவில பிடிக்கல்ல, ஆனா இந்த விளிம்பில கொஞ்சம் இழுக்குது” என்றான். போய்ப் பார்த்தேன். தட்டின் மடித்த விளிம்பில் காந்தம் லேசாகத் தடுத்துத் தடுத்து நகர்ந்தது. தகட்டை அடித்து மடிக்கும்போது அந்த இடத்தில் அணு அடுக்கு கொஞ்சம் மாறிப்போகும், அதுதான் காரணம். கடையில் எனக்கு இது பழக்கம், ஆனால் யாரும் காட்டாமல் அவனாகவே கண்டுபிடித்தான். அந்தப் பையன் இப்போது வெள்ளிக்கிழமைகளில் பாடசாலைக்கு வருவதே குறைந்துவிட்டது என்று மகள் சொல்கிறாள்.

ஹொட்பிளேட் கொயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நிக்ரோம், நிக்கல் 80, குரோமியம் 20 அளவில் கலந்தது. செம்பைவிட 60 மடங்குக்கு மேல் மின்னைத் தடுக்கும், அதனால்தான் சூடாகிறது. சிவக்கச் சிவக்கச் சூடேறினாலும் மேலே படியும் ஒக்சைட்டுப் படை அதைக் காப்பாற்றும். எங்கள் ஊரில் கொயில் அறுந்தால் கையில் கிடைக்கும் ஏதாவது கம்பியால் முறுக்கி ஒட்டுப்போட்டு மறுபடி கறன்ட் கொடுப்பார்கள். வகுப்பில் கேட்டபோது அப்படிச் செய்யும் வீடுகள் பல என்று தெரிந்தது. அது ஆபத்து என்பதை அன்று பிள்ளைகள் காரணத்தோடு விளங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு தாய்மார் எரிந்த கொயிலைக் கழற்றிக் கொண்டு என் கடைக்கே வந்து, சரியான கொயில் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள்.

பெயர்க்கதை சொன்னபோது தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழும்பினார்கள். ஜெர்மனியில் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குச் செம்புபோலத் தெரியும் ஒரு கல் கிடைத்தது. உருக்கினால் செம்பு வராது, அதிலிருந்த ஆர்செனிக்கின் புகையில் ஆள் நோயாளியாவான். பேய் பிடித்த செம்பு என்று அதற்கு ‘குப்பர்நிக்கல்’ என்று பெயர் வைத்தார்கள். 1751இல் சுவீடனைச் சேர்ந்த குரோன்ஸ்டெட் அந்த வகைக் கல்லிலிருந்து புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார், பேயின் பெயரே உலோகத்துக்கு நிலைத்துவிட்டது. இதைச் சேர்தான் எனக்கும் சொல்லித்தந்தார். அவரும் நானும் சேர்ந்து படிப்பித்தோம், பெரிய விளக்கங்கள் அவருடையவை, இரும்பு என்னுடையது.

இப்போது ஒரு பிள்ளையின் காதைப் பற்றி எழுதப் போகிறேன். பெயர் சொல்லமாட்டேன். வகுப்பில் எப்போதும் தலைமுடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் முடி விலகினது. தோட்டுத் துளையைச் சுற்றித் தோல் தடித்து, கறுத்து, நீர் வடிந்து காய்ந்திருந்தது. வேப்பம் ஈர்க்கு போட்டிருந்தாள். கவரிங் தோடு போடும் ஒவ்வொரு தடவையும் இப்படி வருமாம், ஆறினதும் மறுபடி அதே தோட்டைப் போடுவார்களாம், கோயில் திருவிழாவுக்கு வெறுங்காதோடு போக ஏலாதே. அழுக்குப் பட்டதால் புண் வருகிறது என்று வீட்டில் அவளைத்தான் ஏசியிருக்கிறார்கள். மலிவுத் தோடுகளில் பூச்சுக்குக் கீழே நிக்கல் இருப்பது சாதாரணம், வியர்வை பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது, ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994இலேயே இப்படித் தோலில் படும் பொருள்களில் நிக்கலுக்கு வரம்பு போட்டு விதி செய்தார்கள். எங்கள் பிள்ளைக்கு அது நிக்கல் என்றே தெரியாது, ‘மின்முலாமிடுவதற்குப் பயன்படும்’ என்று கொப்பியில் அழகாக எழுதி வைத்திருந்தாள். இந்தத் தகவலை அவளுக்குத் தராத ஒரு பாடத்தை நாங்கள் முடித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? சேர் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார், தோல் வைத்தியரிடம் காட்டச் சொன்னார். அந்தத் தோட்டையும் அவள் விட்டுவிட்டாள்.

அடுத்ததை எழுதுவது எனக்குக் கஷ்டம். எங்கள் பக்கத்துப் பையன்களில் நிறையப் பேர் ஓஎல் (சாதாரண தரப்) பரீட்சை எழுதினதும் என்னைப் போன்ற ஆட்களிடம்தான் வேலை பழக வருகிறார்கள். சிலர் எழுதும் முன்னமே வருகிறார்கள். சில்வர் கேட், சில்வர் கைபிடி என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள், அதை வெல்டிங் செய்யும்போது வரும் புகையில் குரோமியமும் நிக்கலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் நிக்கல் சேர்வைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது, 2017இல் வெல்டிங் புகையையும் அதே முதல் வகையில் சேர்த்தது. நான் முதல் பத்து வருசம் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு என் கடையில் கதவு திறந்து, காற்றாடி போட்டு, சரியான மாஸ்க் கொடுத்துத்தான் வேலை. ஆனால் எல்லாக் கடையும் அப்படி இல்லை, அந்தப் பையன்கள் தாங்களே கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் நிக்கல் என்ற சொல்லைக் கடைசியாகக் கேட்கும் இடம் உங்கள் வகுப்பறை. அதற்குப் பிறகு கேட்கப் போவதில்லை.

சரி, உங்கள் குழு வந்த நாளுக்கு வருகிறேன். பெட்டி இருப்புப் பதிவேட்டில் இல்லை என்றார்கள். உண்மை, இல்லை, நாங்கள் கொடுத்ததற்குக் கடிதம் எழுதவில்லை. பரீட்சைக்கு இவ்வளவு தேவையில்லை, பெறுபேறு குறைந்த பாடசாலை, நேரத்தை வினாத்தாளில் செலவழியுங்கள் என்றார்கள். வெளியாள் வகுப்புக்குள் வருவது பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பிரச்சினை என்றார்கள். இதில் கடைசி விசயத்தில் நியாயம் இருக்கிறது. நானும் பெண் பிள்ளை வைத்திருக்கும் தகப்பன், யாரும் நினைத்தபடி பாடசாலைக்குள் வரக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு அனுமதி முறை செய்யலாம், ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று விதி போடலாம். ஒரேயடியாகக் கதவைச் சாத்தியிருக்க வேண்டியதில்லை.

பெறுபேறு பற்றிய கதையை நான் ஏற்கவில்லை. கொயிலைக் கையில் பிடித்த பிள்ளை நிக்ரோமை மறப்பதில்லை. என் மகளிடம் நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கத்துப் பெரிய பாடசாலைகளில் ஆய்வுகூடம் இருக்கிறது, ரியூசன் இருக்கிறது, தோணிக்கும் பஸ்ஸுக்கும் காத்திருக்காமல் போய்வரலாம். எங்கள் பிள்ளைகளிடம் இருந்தது ஒரு பிஸ்கட் தகரம். பெறுபேறு குறைந்த பாடசாலை என்று சொல்லி அதைத்தான் எடுத்தீர்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பழைய இரும்பு எடுப்பவர் வழக்கம்போல என் கடைக்கு வந்தார். உடைந்த கதிரைக் கால்களோடு ஒரு உரப்பை இருந்தது. அதைக் கொட்டினபோது ஒரு பொலித்தீன் பை காலடியில் விழுந்தது. அதில் நீல மையால், என் மகளின் கையெழுத்தில், ‘பித்தளை, நிக்கல் பூச்சு, குரோமியப் பூச்சு. தேய்த்தவர்கள்: நாங்கள்’ என்று இருந்தது. குழாய்த் தலை உள்ளே அப்படியே கிடந்தது. கொயிலும் காந்தமும் அதே உரப்பைக்குள் கிடைத்தன. குத்திகள் இல்லை. நிக்கல் ரொட்டும் இல்லை. கிலோக் கணக்கில் நிறுத்து, காசு கொடுத்து, எங்கள் பிள்ளைகளின் பொருளை நானே திரும்ப வாங்கினேன். மகளிடம் அதைக் காட்டவில்லை. அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது இவைதான். வெள்ளிக்கிழமைச் செய்முறைப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள், ஒவ்வொரு கிழமையும் முடியாவிட்டால் மாதத்தில் இரண்டு பாடவேளையாவது கட்டாயம் வேண்டும், ஓஎல் வகுப்புக்கும் சேர்த்து. பெட்டியைப் பாடசாலையின் இருப்பில் முறையாகப் பதிந்து ஏற்கும்படி அதிபருக்கு எழுத்தில் அறிவியுங்கள். என்னிடம் இருப்பதைத் தருவேன், போனதற்குப் பதிலாகப் புதிதும் தருவேன், நன்கொடைக் கடிதம் எந்தப் படிவத்தில் கேட்டாலும் கையெழுத்து வைக்கிறேன். வெல்டிங்காரர், லேத்காரர், தட்டார், வள்ள இஞ்சின் திருத்துபவர் என்று தொழில் தெரிந்தவர்கள் ஆசிரியரின் முன்னிலையில் வகுப்புக்கு வர ஒரு அனுமதி முறையை உண்டாக்குங்கள், பொலிஸ் சான்றிதழ் வேண்டுமென்றால் கேளுங்கள், முதல் ஆளாக எடுத்துவருகிறேன்.

இன்னும் ஒன்று. டைமெதைல்கிளையொக்சைம் என்று ஒரு இரசாயனம் இருக்கிறதாம், அதையும் கொஞ்சம் அமோனியாவையும் பஞ்சில் நனைத்துத் தோட்டில் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும் என்று சேர் சொன்னார். கையாளத் தெரிந்த ஆசிரியர் செய்ய வேண்டிய சோதனை அது. வலயத்திலுள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் அதில் ஒரு சின்னப் போத்தல் அனுப்புங்கள், முதலில் படுவான்கரைக்கு. தரம் 10, 11 உலோகப் பாடத்தோடு நிக்கல் ஒவ்வாமையையும் வெல்டிங் புகையையும் ஒரு பாடவேளையாவது சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டல் அனுப்புங்கள். அதற்குப் புதிய புத்தகம் அச்சடிக்கத் தேவையில்லை, ஒரு பக்கக் கடிதம் போதும்.

அடுத்த தவணை தொடங்கும் முன் உங்கள் பதில் எழுத்தில் வேண்டும். எனக்கு அனுப்ப வேண்டாம், அதிபருக்கு அனுப்புங்கள், அவர் அறிவித்தல் பலகையில் போடட்டும். அந்த விளிம்பைக் கண்டுபிடித்த பையன் வாசிக்கும் இடம் அதுதான்.

இப்படிக்கு,
தரம் 10 மாணவி ஒருவரின் தகப்பன்,
படுவான்கரை, மட்டக்களப்பு